மலையே சுமையாக வந்த ஊர்: பழனியைப் புரிந்துகொள்ள

திண்டுக்கல்லில் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனிக்கு வருகிறவர்களுக்கு, இடதுகைப் பக்கமாக மலைத்தொடர் ஒன்று விடாமல் கூடவே வரும். கொடைக்கானலைத் தலையில் தாங்கி ஏழாயிரம் அடிக்கு மேல் எழும் பழனி மலைகள் அவை. முதல் முறை வருகிறவர் அதைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் முருகன் அங்கே இல்லை. அந்தப் பெருமலைக்கு முன்னால், சமவெளியில் தனித்து நிற்கிற, தரையிலிருந்து சுமார் 450 அடியே உயர்ந்த பாறைக் குன்றின் உச்சியில் இருக்கிறார். பக்கத்திலேயே ஆளரவம் குறைந்த இன்னொரு குன்று, இடும்பன் மலை.

பின்னால் இவ்வளவு பெரிய மலை இருக்க, இந்தச் சின்னக் குன்றுக்கு ஏன் இத்தனை கூட்டம்? தலபுராணம் சொல்லும் பதில்: இந்த இரண்டு குன்றுகளும் இந்த மண்ணுக்கு உரியவையே அல்ல. சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளையும் பொதிகைக்குக் கொண்டு வரும்படி அகத்தியர் இடும்பனைப் பணிக்கிறார். அவன் தண்டின் இரு முனையிலும் மலைகளைக் கட்டித் தோளில் தூக்கி வருகிறான். கயிறாக அமைந்தவை பாம்புகள். ஆவினன்குடிக்கு (இன்றைய பழனி அடிவாரம்) அருகே இளைப்பாற இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்க முடியவில்லை. ஏறிப் பார்த்தால் கோவணமும் கைத்தண்டுமாக ஒரு சிறுவன், ‘இந்த மலை என்னுடையது’ என்கிறான். சண்டை மூள்கிறது, இடும்பன் சாகிறான், அவன் மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்டப் பிழைத்தெழுகிறான். எழுந்தவன் கேட்ட வரம் சுவையானது: தன்னைப் போலத் தோளில் சுமை கட்டி வருகிறவர்களுக்கு அருள வேண்டும், தான் வாசற்காவலனாக இருக்க வேண்டும். காவடிக்குக் காரணம் சொல்லும் கதை இது. மலைப்படியில் பாதி ஏறும்போதே இடும்பன் சன்னதி வருவதும், அவனைக் கும்பிட்டுவிட்டு மேலே போவதே முறை என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

ஞானப்பழக் கதை எல்லோருக்கும் தெரியும்; நாடகமும் சினிமாவும் அதைப் போதுமான அளவு சொல்லிவிட்டன. பழனியைப் புரிந்துகொள்ள அதைவிட இடும்பன் கதையே உதவும் என்பது என் எண்ணம். ஏனென்றால் இந்த ஊரின் திருவிழாக் கணக்கு, கடைத்தெரு, பிரசாதம், ரயில் நேரம் எல்லாமே யார் எங்கிருந்து எதைச் சுமந்து வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அமைந்தவை. ஒன்றும் இல்லாத ஆண்டியைப் பார்க்க ஒருவரும் வெறுங்கையோடு வருவதில்லை.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளலாம். பொங்கல் முடிந்து, அறுவடையும் ஓய்ந்து, வெயில் ஏறாத காலம், நடக்கத் தோதானது. செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியில் கூடி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடந்து வருவது இந்தக் காலத்தில்தான். உப்பு வணிகத்துக்காகப் பழனிப் பக்கம் வந்துபோன முன்னோர் தொடங்கி வைத்தது என்று அவர்கள் சொல்வார்கள். வணிகப் பாதையே வேண்டுதல் பாதையானது என்று இதைப் படிக்கலாம். வழியில் எந்த ஊரில் தங்குவது, எங்கே சாப்பாடு என்பதெல்லாம் தலைமுறைகளாகத் தீர்மானமானவை. இன்று தை மாதம் திண்டுக்கல் - பழனி சாலையில் பச்சை வேட்டியும் காவித் துண்டுமாக இரவு பகல் நடக்கும் பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் நகரத்தார் அல்லர். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி என்று எல்லாப் பக்கத்துச் சனமும் அந்த வழக்கத்தைத் தமதாக்கிக்கொண்டது. அந்தக் காலத்திலும் பகலில் தார்ச்சாலை சுடுவதால் இரவு நடையே அதிகம். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று போலீஸ் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

தைப்பூசம் முடிந்து ஊர் சற்று மூச்சு விடும்போது, சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் ஆயிரக்கணக்கில் காவடிகளோடு வருகிறார்கள். இரவு நடை சாத்திய பிறகு மலைமேல் யாரும் தங்கக் கூடாது என்பது விதி. இவர்களுக்கு மட்டும் அந்த ஓர் இரவு விதிவிலக்கு. டன் கணக்கில் பழமும் சர்க்கரையும் மேலே கொண்டுபோய், அங்கேயே பஞ்சாமிர்தம் பிசைந்து, சுவாமிக்குப் படைத்துவிட்டுப் பங்கு பிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

பங்குனி உத்திரத்தின் முகம் வேறு. அது கொங்குநாட்டார் திருவிழா. ஈரோடு, கரூர், திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் நீர் முகந்து, தீர்த்தக் காவடியாகப் பழனிக்குக் கொண்டுவருவார்கள். தாரை தப்பட்டை முழங்கும். கோடை தொடங்கும் வேளையில் நவபாஷாண மேனி (ஒன்பது நச்சுப் பொருள்களைக் கட்டிச் செய்ததென்று சொல்லப்படும் மூலவர் சிலை) சூடேறாமல் இருக்கக் காவிரி நீர் என்பது மரபான விளக்கம். தைப்பூசத்துக்குக் கொடி ஏறுவது ஊருக்குள் இருக்கும் பெரியநாயகியம்மன் கோயிலில். பங்குனி உத்திரத்துக்கு அடிவாரத்துத் திருவாவினன்குடியில். இரண்டும் பத்து நாள் விழா. மலைக்கோயில் இவ்வளவு புகழ் பெற்றும் இரு பெருவிழாவுக்கும் கொடிமரம் கீழேதான் என்பதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை.

இன்னொரு கூட்டம் மேற்கிலிருந்து வருவது. மலைக்கோயில் மூலவர் மேற்கு நோக்கி நிற்கிறார், அதாவது சேரநாட்டுப் பக்கம் பார்த்து. கோயிலைக் கட்டியவர் சேரமான் பெருமாள் என்று தலவரலாறு சொல்லும். மலையாளிகள் ‘எங்களைப் பார்த்து நிற்கும் முருகன்’ என்று உரிமை கொண்டாடுவார்கள். அவர்களுக்கும் மொட்டை, காவடி வேண்டுதல் எல்லாம் உண்டு. பாலக்காடு - பொள்ளாச்சி - பழனி - திண்டுக்கல் ரயில் பாதை மீட்டர் கேஜாக இருந்தபோதே அவர்களுக்கு அது கோயில் பாதை. அகலப் பாதையான பிறகு, திருவனந்தபுரத்திலிருந்து அமிர்தா எக்ஸ்பிரஸ் பழனி வழியாக மதுரைப் பக்கம் ஓடுகிறது. சன்னதி வீதியில் மலையாளப் பலகை இல்லாத கடையைத் தேடத்தான் வேண்டும்.

ஆட்கள் மட்டுமல்ல, பண்டங்களும் அப்படித்தான். பஞ்சாமிர்தம் பழனியில் செய்யப்படுகிறது. ஆனால் அதில் சேரும் எதுவும் கோயில் குன்றில் விளைவதில்லை. நாட்டுச்சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வருகிறது. பவானி வாய்க்கால் பாசனத்தில் கரும்பு விளையும் ஈரோடு மாவட்டத்து ஊர் அது. அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேவஸ்தானம் ஏலத்தில் வாங்குவது செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும். பேரீச்சம்பழம், கல்கண்டு, ஏலக்காய், நெய், தேன் எல்லாமும் வெளியிலிருந்து வருபவை. பழம் மட்டும் அருகிலிருந்து, அதுவும் பின்னால் நிற்கும் அந்தப் பெரிய மலையின் சரிவுகளிலிருந்து இறங்க வேண்டும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர், பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில், காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் மலைவாழை. விருப்பாட்சிப் பழம் என்பது அதன் பெயர். ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையே இருக்கும் விருப்பாட்சி என்ற ஊர் வேறு ஒரு காரணத்துக்கும் பேர்பெற்றது: வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்து, 1801-ல் வெள்ளையரால் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஊர்.

ஏன் அந்தப் பழமே வேண்டும்? தோல் தடித்தது, சதையில் நீர் குறைவு, மணம் அதிகம். பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. பழத்தில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் சர்க்கரையும் தேனும் பிடித்துக்கொள்கின்றன. நுண்ணுயிர் வளரத் தேவையான நீர் அதற்குக் கிடைப்பதில்லை. பதப்படுத்தும் பொருள் ஏதும் போடாமலே நாள்பட இருப்பதன் சூட்சுமம் அவ்வளவுதான். நீர்ச்சத்து மிகுந்த தரைவாழைப் பழத்தைப் போட்டுப் பிசைந்தால் கணக்குத் தப்பும், நாலு நாளில் புளிப்பு வாடை எட்டிப் பார்க்கும். அடிவாரத்தில் எல்லாக் கடைக்காரரும் ‘ஒரிஜினல்’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் தளதளவென்று ஓடினால், அது சந்தேகத்துக்குரியது. விருப்பாட்சி மலைவாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல். தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் இந்தக் குறியீடு பெற்ற முதல் பிரசாதம் அது.

ஆனால் பஞ்சாமிர்தத்துக்குக் குறியீடு வந்த காலத்தில் வாழை எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதைப் பற்றிப் பேச்சு குறைவு. முடிக்கொத்து நோய் என்று ஒன்று இந்த மலைகளில் அரைநூற்றாண்டாக வாழையைத் தின்றுகொண்டிருக்கிறது. வைரஸ் நோய், பரப்புவது வாழை அசுவினி. முதலில் இலைக்காம்பில் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடுமாகத் தெரியும். பிறகு வருகிற இலைகள் குறுகிக் குறுகி, விரியாமல், உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். அந்த மரம் தார் போடாது. மருந்து கிடையாது, கட்டையோடு தோண்டி அழிக்க வேண்டும். மலைவாழை ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அதே குத்தில் பக்கக்கன்று விட்டு வளர்வது. பக்கத்துத் தோட்டத்துக்கும் அந்தக் கன்றைத்தான் பிடுங்கிக் கொடுப்பார்கள். நட்பாகக் கொடுத்த கன்றிலேயே நோயும் போய்ச் சேரும். எழுபதுகளில் இருந்த பரப்பு இன்று சிறு பங்குதான். திசு வளர்ப்புக் கன்றுகள் கொடுத்து மீட்கும் முயற்சி நடக்கிறது, மெதுவாக. பஞ்சாமிர்தம் வாங்க வரிசையில் நிற்கிறவருக்கும் பெரும்பாறையில் வாழை வைத்திருக்கிறவருக்கும் உள்ள இந்த உறவை, பழனியைப் பற்றிப் பேசும் யாராவது கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். விற்பனை நிலையத்தில் டப்பாவில் கிடைக்கும் பஞ்சாமிர்தம் மூலவர் மேனியில் அபிஷேகமாகி வந்ததல்ல. அடிவாரத்துத் தயாரிப்புக் கூடத்தில் செய்து அடைத்தது. பலர் அதை மருந்தென்று நம்பி வாங்குகிறார்கள். மருந்துக் கதை மூலவர் சிலையோடு சேர்ந்தது. போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி இந்தச் சிலையைச் செய்தார் என்பது மரபு. எவை அந்த ஒன்பது என்பதில் சித்த நூல்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. போகர் சமாதி மலைமேல் தென்மேற்குப் பிராகாரத்தில் இருக்கிறது. அவருக்குப் பிறகு அவர் சீடர் புலிப்பாணியும் அவர் வழியினரும் பூசை செய்தார்கள் என்றும், பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் தளவாயான (படைத்தலைவர்) இராமப்பய்யன் அந்த உரிமையைக் கொடுமுடியிலிருந்து வந்த குருக்கள்மாருக்கு மாற்றினார் என்றும் கோயில் வரலாறு சொல்கிறது. (தீர்த்தம் மட்டுமல்ல, பூசகரும் கொடுமுடியிலிருந்தே!) போகர் சமாதி வழிபாடு மட்டும் இன்றும் புலிப்பாணி வழியினரிடம் இருக்கிறது. சிலை தேய்ந்திருக்கிறது என்ற கவலை நீண்ட நாளாக உண்டு. 2004-ல் ஐம்பொன் சிலை ஒன்றைச் செய்து கருவறைக்குள் வைத்தார்கள். பக்தர்கள் ஏற்கவில்லை, சில மாதங்களில் அது எடுக்கப்பட்டது. பிறகு 2018-ல் அந்தச் சிலை செய்த விவகாரம் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் விசாரணை வரை போனது.

பழமை என்று பார்த்தால் மலைக்கோயிலுக்கு மூத்தது அடிவாரம்தான். அறுபடை வீடுகளில் மூன்றாவதாகத் திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் பாடுவது திருவாவினன்குடியை. அந்தப் பகுதியில் மரவுரியும் மான்தோலும் உடுத்த முனிவர்கள் முன்னால் நடக்க, தேவர்கள் வரிசையாக வருகிறார்கள். இந்தக் குன்றைப் பற்றிப் பேச்சே இல்லை. திருப்புகழில் ‘நாத விந்து கலாதி நமோநம’ என்று அருணகிரிநாதர் பாடியதும் ஆவினன்குடியைத்தான். மயில்மேல் அமர்ந்த குழந்தை முருகனும் நெல்லி மரமும் உள்ள அந்தக் கோயிலுக்குப் போகாமலே ‘மூன்றாம் படைவீடு பார்த்துவிட்டேன்’ என்று ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஆவினன்குடியில் தொடங்கி, பாத விநாயகரைக் கும்பிட்டு மலையேறுவதே உள்ளூர் முறை. அதனால் காலணாச் செலவும் கூடப்போவதில்லை.

இன்னும் பின்னால் போனால் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்த அந்த வள்ளல் ஆண்டது இந்த மலைநாடு. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் பொதினி என்று பாடுவதும் இதைத்தான். போர்வைக் கதை பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. மனைவி கண்ணகியை அவன் கைவிட்டிருந்ததும், கபிலரும் பரணரும் இன்னும் இரு புலவர்களும் அவளுக்காக அவனிடம் வாதாடியதும் புறநானூற்றில் இருந்தும் புத்தகத்தில் ஏறவில்லை. பரணர் சொல்கிறார்: நான் பசித்து வரவில்லை, எனக்குச் சுமையும் இல்லை, நீ அவள் துயர் தீர்ப்பதே நான் கேட்கும் பரிசில். இந்த மண்ணுக்குச் சுமையில்லாமல் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர் அவர் ஒருவர்தான் போலும். இந்தப் பகுதியின் பழமைக்கு மண்ணும் சாட்சி சொல்கிறது. பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் நடத்திய அகழாய்வில், பானைக்குள் இருந்த நெல்லுக்கு அமெரிக்க ஆய்வகம் தந்த காலம் கி.மு. 490. அதே ஈமச்சின்னத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் (பானை தாங்கி) கிடைத்தது.

மேலே ஏற இன்று நான்கு வழிகள். படிப்பாதை செங்குத்தானது, எழுநூறுக்குச் சற்றுக் குறைவான படிகள். யானைப்பாதை சுற்றிப் போவது, சரிவு இதமானது, வயதானவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். தண்டவாளத்தில் இழுத்துச் செல்லும் வின்ச் 1966 முதல் ஓடுகிறது. ஏறச் சுமார் எட்டு நிமிடம். ரோப்கார் 2004-ல் வந்தது, மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காகத் திருவிழா நாளில் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறோம். முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் யானைப்பாதையில் ஏறிப் படியில் இறங்குவதே நல்லது என்பேன். பாதி வழியில் தெற்கே திரும்பினால், வாழை இறங்கி வரும் அந்தப் பெரிய மலை முழுதாகத் தெரியும். கீழே வையாபுரிக் குளமும் தெரியும். ஊர்க் கழிவு கலந்து அது படும் பாட்டை மேலிருந்து பார்ப்பதே மேல்.

மாலைச் சாயரட்சைப் பூசைக்கு மலைமேல் இருக்கும்படி போனால் ராஜ அலங்காரம் பார்க்கலாம். காலையில் ஆண்டி, மாலையில் அரசன். ராஜ அலங்காரத்துக்குக் கூட்டம் அதிகம். காலை விளாபூசையில் காவி உடையில் பார்ப்பதற்கு வரிசை குறைவு, விடியுமுன் எழ வேண்டும். கிருத்திகை, சஷ்டி, ஞாயிறு, தொடர் விடுமுறை ஆகியவற்றைத் தவிர்ப்பவர்களுக்குப் பழனி வேறு ஊராகத் தெரியும். முடிக்காணிக்கைக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகும் ‘அன்பளிப்பு’ கேட்டால் கொடுக்கக் கடமை இல்லை. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலில் செல்போனுக்குத் தடை. பாதுகாப்பு மையத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ‘சீக்கிரம் தரிசனம் செய்து தருகிறேன்’ என்று அடிவாரத்தில் தோளில் கைபோடுகிறவர்களிடம் மட்டும் எதையும் கொடுக்க வேண்டாம்.

கிரிவீதி மாறிவிட்டது. ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 முதல் தனியார் வாகனங்கள் மலையைச் சுற்றி வர முடியாது. தேவஸ்தானம் பேட்டரி கார்களும் சிற்றுந்துகளும் விடுகிறது. பிழைப்புப் போன தெருக்கடைக்காரர்களின் குமுறல் நியாயமானது. அவர்களுக்கு மாற்று இடம் தருவதில்தான் எல்லாரும் மெத்தனம். ஆனால் ஹாரன் சத்தமில்லாமல் மலையைச் சுற்றி நடக்கலாம் என்பது பெரிய ஆறுதல். சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் அக்னி நட்சத்திரக் கழுவு. மலையின் மூலிகைக் காற்று உடம்புக்கு நல்லது என்று உள்ளூர்க்காரர்கள் அதிகாலையிலும் மாலையிலும் கடம்பப் பூச் சூடிக் கிரிவலம் வருவார்கள். தேரும் காவடியும் இல்லாத, ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட விழா அது. வெளியூர்க்காரர்கள் கண்ணில் படாததே அதன் அழகு.

பழனியைக் கொடைக்கானல் போகும் வழியில் ஓர் இரண்டு மணி நேர நிறுத்தமாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு யோசனை. பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். முதலில் மேலே போய், பூம்பாறையில் குழந்தை வேலப்பரைப் பாருங்கள். போகர் செய்ததென்று சொல்லப்படும் இன்னொரு நவபாஷாண முருகன் அவர், ஊரைச் சுற்றிப் பூண்டு வயல்கள். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில், 1936-ல் இந்து சமயம் தழுவிய ஐரோப்பியப் பெண்மணி லீலாவதி கட்டியது. இன்று பழனி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. பனி இல்லாத நாளில் அங்கிருந்து பழனிக் குன்றும் சமவெளியும் தெரியும். பிறகு 64 கிலோமீட்டர் மலைச்சாலையில் இறங்கி வந்து, இரவு அடிவாரத்தில் தங்கி, விடியலில் ஏறலாம். ஆடி மாதமானால் ரோப்காரை நம்ப வேண்டாம். காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள். வருடாந்திரப் பராமரிப்பும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வைக்கிறார்கள்.